புள்ளி நகரக் கூடாது

ஓய்வு என்றால் எப்படி எடுக்க வேண்டும் என்று சிஸ்டருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரி வார்டில் அதைத்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "படுங்க. ஆடாம அசையாம படுங்க. யாருங்க எழுந்திரிக்கச் சொன்னது? படுங்க!" இந்த ஒரு சொல்லாலேயே அவளுக்குப் 'படுங்க சிஸ்டர்' என்று பெயர் விழுந்தது. பெரிய டாக்டர்கூட அவள் வார்டுக்குள் வந்தால் நிற்கலாமா, படுத்துவிடலாமா என்று யோசிப்பார் என்று பேச்சு. ஆனால் சிஸ்டர் பகலில் படுத்து ஒருவரும் பார்த்ததில்லை. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அவளுக்குக் கால், வாய் இரண்டுமே அந்த ரகம்.

அந்தக் கால்களில் வலது கால் இப்போது இரண்டு தலையணைமேல் இருந்தது. முட்டி, பேக்கரி பன் மாதிரி உப்பி மினுமினுத்தது. வழியில் அகப்பட்ட ஒரு சின்ன ஊர். அதில் மாடியில் நான்கே அறைகள் உள்ள ஒரு தங்கும் விடுதி. அதில் ஜன்னல் சரியாக மூடாத ஓர் அறை. விடுதிக்கார அம்மா நல்ல மனசுக்காரி. காலையிலிருந்து அடிக்கடி கதவைத் தட்டி, "நல்லா ஓய்வு எடுக்கிறீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் சிஸ்டர் நொண்டிக்கொண்டே எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்து, "எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்து படுத்தாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சிஸ்டர் ஒரு சைக்கிள் வாங்கினாள். காய்கறி வாங்கத்தான் என்று வீட்டில் நினைத்தார்கள். அவளோ, நாட்டின் அந்தக் கோடியில் ரோடு முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறதாம், அதுவரை தனியாகப் போய்ப் பார்க்கப் போகிறேன் என்றாள். "ஆயுசு முழுக்க நடந்தேன். எல்லாம் ஒரே தாழ்வாரத்துல, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி. ஒரு தடவையாவது நேரா போய் ரோடு முடியிறதைப் பாக்கணும்." மகள் அழுதாள். தம்பி சிரித்தான். வீட்டுக்காரர் மட்டும் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். விளக்கு வைக்கிற நேரத்தில் எழுந்து வந்து நிபந்தனை போட்டார்.

வீட்டுக்காரர் மின்சார ஆபீசில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். மனுஷன் பொய் சொல்லுவான், மீட்டர் சொல்லாது என்பது அவருடைய வேதம். ஓடியிருக்கிற எண்ணை வைத்தே, இந்த வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறது, அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனி அறையில் மின்விசிறி போட ஆரம்பித்துவிட்டார்கள் என்று சொல்லிவிடுவார். சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனாலேயே அவரை யாரும் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்ததில்லை.

அவர் போட்ட நிபந்தனை இதுதான். வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வு. அன்றைக்குச் சைக்கிள் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. தினமும் ராத்திரி ஒரு போன். "அப்புறம், எங்கயாவது விழுந்து வச்சேன்னு தெரிஞ்சா, பயணம் அதோட முடிஞ்சுது. உன் தம்பி வேனை எடுத்துக்கிட்டு வந்து உன்னையும் சைக்கிளையும் அலாக்காத் தூக்கிப் போட்டுக்கிட்டு வந்துடுவோம்."

சிஸ்டரிடம் இருந்தது பழைய பட்டன் போன். அதனால் மாப்பிள்ளை சைக்கிள் சீட்டுக்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவியை ஒட்டிவிட்டார். சைக்கிள் எங்கே போனாலும், வீட்டில் மாமனாரின் போனில், வரைபடத்தின்மேல் ஒரு நீலப் புள்ளி நகரும். மீட்டரைப் பிரிந்து வாடிப்போயிருந்த மனுஷனுக்கு மறுபடி ஒரு மீட்டர் கிடைத்தது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, நேற்று சாயங்காலம் ஒரு நாய் குறுக்கே வரும்வரை. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அது திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போனது. சிஸ்டருக்கு முட்டி, சைக்கிளுக்குக் கியர். சங்கிலி பல்லில் நிற்காமல் நழுவியது. ஆளரவமில்லாத ரோட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, தன் காலைத் தானே அழுத்திப் பார்த்து, எலும்பு முறியவில்லை என்று தனக்குத்தானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடியே இந்த ஊருக்குள் வந்து சேர்ந்தாள். ராத்திரி போனில் வழக்கமான நாலு வாக்கியம்தான்: "நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். நாளைக்கு ஓய்வு. வச்சிடுறேன்."

விடிந்ததும் முதல் வேலையாகச் சைக்கிளை இரண்டு தெரு தள்ளி ஒரு ரிப்பேர் கடையில் விட்டாள். கடைக்காரர் ஒல்லியான ஆள், காதில் ஒரு ஸ்பேனரைச் செருகியிருந்தார். "சாயங்காலம் வாங்கம்மா, தங்கமாத் தர்றேன்" என்றார். கடைக்கு மேலே பலகையில், 'ஓட்டிப் பார்த்தே தரப்படும்' என்று எழுதியிருந்தது. ஊசிக்கு முன் மருந்துப் புட்டியை இரண்டு தடவை பார்க்கிற சிஸ்டருக்கு அந்தப் பலகை ரொம்பப் பிடித்துப்போனது. இரண்டு தெரு நகர்ந்ததெல்லாம் புள்ளியில் தெரியாது என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டு, வந்து படுத்தாள்.

போன் அடித்தது.

"எங்க இருக்க?" என்றார் வீட்டுக்காரர்.

"கட்டில்ல. வேற எங்க இருப்பேன்? இன்னைக்கு ஓய்வு நாளாச்சே."

"கட்டிலுக்குச் சக்கரம் இருக்கா?"

"என்னது?"

"புள்ளி கடைத்தெருவுல போய்க்கிட்டிருக்கு."

சிஸ்டர் எழுந்து உட்கார்ந்தாள். சைக்கிள் ரிப்பேர் கடையில் இருக்கிறது என்று உண்மையைச் சொல்லிவிடலாம். எதற்கு ரிப்பேர் என்பார். கியர் வளைந்தது என்றால், எப்படி வளைந்தது என்பார். அவரிடம் மூன்றாவது கேள்விக்குத் தாக்குப்பிடித்தவர்கள் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

"பேஸ்ட் தீந்துபோச்சு. வாங்க வந்தேன்."

"சைக்கிள்லயா?"

"பக்கத்துலதான்."

"பெரிய பெரிய கடையா நாலைத் தாண்டிட்டியே."

"எனக்கு வேண்டிய பேஸ்ட் அங்க இல்ல."

"வாங்கிட்டுப் போய்ப் படு. நம்ம ஒப்பந்தம் என்ன?"

"புள்ளி நகரக் கூடாது."

"நகருது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சிஸ்டர் முட்டியில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு படியிறங்கினாள். "ஓய்வு எடுக்கலியா?" என்று விடுதிக்கார அம்மா கேட்டாள். "அதுக்குத்தான் போறேன்" என்றாள் சிஸ்டர்.

ரிப்பேர் கடை பூட்டியிருந்தது. பக்கத்தில் பூட்டுச் சாவி செய்கிறவர் ஒரு குடையை நட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டெஸ்ட்டைத் தேடுறீங்களா? அவர் வண்டியை ஓட்டிப் பாக்கப் போயிருக்காரு."

"யாரு டெஸ்ட்டு?"

"கடைக்காரர்தான். ஊர்ல அவரை அப்படித்தான் சொல்லுவோம். உங்க கியரை அப்பவே நிமித்திட்டாரு. இப்ப டெஸ்ட்டு நடக்குது."

"எவ்வளவு நேரம் நடக்கும்?"

"சாயங்காலம்வரைக்கும்."

"ஒரு சைக்கிளை நாள் முழுக்கவா ஓட்டிப் பாப்பாரு?"

சாவிக்காரருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. "தெருமுனைவரைக்கும் போய்ட்டு வந்தா அது டெஸ்ட்டா? ஒரு வண்டின்னா ஒரு மனுஷனோட முழு நாளைத் தாங்கணும்பாரு. முடி வெட்டிக்கணுமா, மீன் வாங்கணுமா, அக்காவைப் போய்ப் பாக்கணுமா, எல்லாம் ரிப்பேருக்கு வந்த வண்டியிலதான். இந்த வயசுவரைக்கும் சொந்தமா ஒரு சைக்கிள் வாங்கினதில்ல. ஆனா அவர் கையில தேறி வந்த வண்டி திரும்ப வந்ததுமில்ல."

"அவர் போன் நம்பர் குடுங்க."

"போன் வச்சுக்கிறதில்லீங்க. மணி அடிச்சா கை நடுங்கி ஆணி வழுக்குதாம்."

சிஸ்டருக்கு வந்த கோபத்தில் அந்த 'ஓட்டிப் பார்த்தே தரப்படும்' பலகையைப் பிடுங்கி எறிந்திருப்பாள். உயரத்தில் இருந்ததால் அது பிழைத்தது. அதற்குள் மறுபடி போன்.

"அங்க என்ன பண்ணுற?"

"எங்க?"

"ஆண்கள் முடி திருத்தும் நிலையத்துல."

"வெயிலுக்கு ஒதுங்கினேன்."

"இவ்வளவு நேரமாவா?"

"நல்ல நிழல்."

சொல்லி முடிக்கும்போதுதான் அவளுக்கு மூளையில் பொறி தட்டியது. இந்த ஊரில் டெஸ்ட்டு எங்கே இருக்கிறார் என்று டெஸ்ட்டைத் தவிரத் தெரிந்த ஒரே ஆள், எங்கோ தொலைவில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து அவளைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க," என்று குரலை இறக்கினாள், "எனக்குத் திரும்பிப் போக வழி புரியல. இது எந்தத் தெரு?"

"வெளிய வந்து போர்டைப் பாரு."

"கண்ணாடி எடுத்துட்டு வரல."

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு, மீட்டர் பெட்டிக்கு வழி சொல்லியே பழகிய நிதானத்தில், "தபால் ஆபீசுக்குப் பின்பக்கத் தெரு. எதிர்ல செருப்புக் கடை. அங்கேருந்து இடது கைப் பக்கம் திரும்பினா உன் விடுதி" என்றார். போலீஸ்காரனிடமே வழி கேட்கிற திருடியாகத் தன்னை நினைத்துக்கொண்டு சிஸ்டர் தபால் ஆபீசை நோக்கி நொண்டினாள்.

முடி திருத்துகிறவர் கீழே கிடந்த முடியைப் பெருக்கிக்கொண்டிருந்தார். "டெஸ்ட்டா? இப்பத்தான் போனாரு. முடி வெட்டினது கொஞ்ச நேரந்தான். மீதியெல்லாம் தூக்கம். தலை ஆடி ஆடி விழுதா, ஒரு காதுக்கு மேல கத்தரி கொஞ்சம் ஏறிடுச்சு. முழிச்சுப் பாத்து, பரவாயில்ல, காத்து வரும்னுட்டுப் போனாரு."

சிஸ்டர் வாசலில் நின்று, பயணம் தொடங்கிய பிறகு முதல்முறையாகப் பகல் நேரத்தில் தானே வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"யாரு?" என்றார் அவர் பதறி.

"நான்தான். இப்ப நான் எங்க இருக்கேன்?"

"என்னையா கேக்குற?"

"உங்க புள்ளி ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்கிறேன்."

"மீன் மார்க்கெட்டுல இருக்க."

"சரியா இருக்கு. எந்த வாசல் பக்கம்?"

"தண்ணித் தொட்டி பக்கம். என்ன மீன் வாங்குற?"

"பாத்துக்கிட்டிருக்கேன்."

"கண்ணை மட்டும் பாத்து ஏமாறாத. செவுளைத் தூக்கிப் பாரு, சிவப்பா இருக்கணும். போன வாரம் நான் வாங்கினேனே, கண்ணு என்னவோ பளபளன்னுதான் இருந்துச்சு. வீட்டுக்கு வந்து கழுவினா, பூனைகூட மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. அப்புறம் முட்டையை உடைச்சு ஊத்திச் சாப்பிட்டேன்." அவர் பேசிக்கொண்டே போனார். கோபத்தில் இருக்கிற மனுஷன் மீன் செவுளைப் பற்றி இவ்வளவு பேசுவாரா என்று சிஸ்டருக்கு ஒரு கணம் தோன்றியது. முட்டி சுண்டி இழுத்ததில் அந்த யோசனை அப்படியே நின்றுவிட்டது.

மீன்காரம்மா கத்தியைக் கழுவிக்கொண்டே, "இப்பத்தான் போனாரு" என்றாள். அந்த ஊரில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். "அக்கா வீட்டுக்கு மீன் வாங்கினாரு. பை கொண்டாரல. சைக்கிள் முன்னாடி ஒரு நல்ல பை மாட்டியிருந்துச்சு, அதுல போட்டுக் குடுத்தேன்."

"ஐயோ, அதுல என் சட்டை இருக்கு!"

"காகிதம் சுத்தித்தாங்க வச்சேன். மீனுக்கு ஒண்ணும் ஆகாது."

இப்படியே பொழுது போனது. வீட்டுக்காரர் கூப்பிடுவார், நூலகத்து வாசலில் உனக்கு என்ன வேலை என்பார். சிஸ்டர் நூலகத்துக்குப் போவாள். டெஸ்ட்டு பேப்பர் படித்துவிட்டுப் போயிருப்பார். இவள் கூப்பிடுவாள், இப்போது நான் எங்கே என்பாள். டீக்கடையில் என்பார் அவர். டீக்கடைக்குப் போவாள். டெஸ்ட்டு குடித்த கிளாஸ் இன்னும் சூடாக இருக்கும், ஆள் இருக்க மாட்டார். ஒரு பொய்யை மூட ஒன்பது பொய். அந்த ஒன்பதையும் அவள் உச்சிக்கு முன்பே செலவழித்துவிட்டிருந்தாள். சைக்கிளில் வந்திருந்தால் ஊரை இரண்டு சுற்று சுற்றியிருக்கலாம், இந்த ஓய்வு நாளில் அத்தனை தூரத்தையும் அவள் வீங்கிய காலால் நடந்து முடித்திருந்தாள். வார்டில் எந்த நோயாளியாவது இந்த அக்கிரமம் செய்திருந்தால் கட்டிலோடு கட்டிப் போட்டிருப்பாள்.

டீக்கடைக்கு வெளியே கல்லில் உட்கார்ந்து முட்டியைத் தடவும்போது போன் வந்தது. இந்தத் தடவை அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"புள்ளி பாலத்தைத் தாண்டிடுச்சு."

"எந்தப் பாலம்?"

"ஊரு எல்லையில உள்ள பாலம். அதைத் தாண்டினா வெளி ரோடு. நீ ஓய்வு எடுக்கல, பயணம் கிளம்பிட்ட. இவ்வளவு நேரம் ஊருக்குள்ளதானேன்னு பொறுத்தேன். உன் தம்பி வேனோட வாசல்ல நிக்கிறான்." அதற்கு ஏற்றாற்போல் பின்னால் ஹாரன் ஒரு தடவை நீளமாக அடித்தது. "திரும்பு."

"திரும்பிடுறேன்."

"புள்ளி திரும்பலியே."

சிஸ்டருக்கு உண்மையாகவே பயம் வந்தது. தம்பி வேன் வந்தால் கதை முடிந்தது. வீட்டுக்குப் போய், முட்டி ஆறி, மழை வந்து, பேரன் பேத்தி வந்து, அடுத்த வருடம் போகலாம் என்பார்கள். உடம்பு தேறியதும் அங்கே போவேன், இங்கே போவேன் என்று சொன்ன எத்தனையோ பேருக்கு அவள் கையாலேயே முகம்வரை போர்வையை இழுத்து மூடியிருக்கிறாள். அடுத்த வருடம் என்ற சொல்லை அவள் நம்புவதில்லை. ரோடு முடிகிற இடத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று கல்லிலிருந்து எழுந்தாள்.

தண்ணீர் கேன் ஏற்றிய ஒரு குட்டி வண்டி பாலத்துப் பக்கம் போகக் கிளம்பிக்கொண்டிருந்தது. சிஸ்டர் குறுக்கே போய் நின்றாள். "டெஸ்ட்டோட அக்கா வீடு தெரியுமா?"

"அவங்களுக்குத்தான் ரெண்டு கேன் போகுது. ஏறுங்க" என்றான் ஓட்டுகிறவன்.

முன்னால் இடமில்லை. பின்னால், கேன்களுக்கு நடுவே, ஒரு கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிஸ்டர் போய்ச் சேர்ந்தாள். பாலத்துக்கு அப்பால் ரோட்டோரமாக ஒரு தகரக் கொட்டகை போட்ட வீடு. கொட்டகைக்குக் கீழே நாடாக் கட்டிலில் டெஸ்ட்டு வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு காதுக்கு மேல் முடியே இல்லை. அவர் பக்கத்தில் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. அதற்கும் நல்ல ஓய்வு.

"யோவ் டெஸ்ட்டு!"

அவர் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். சிஸ்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "நீங்க எதுக்குமா இவ்வளவு தூரம்? நானே கொண்டாந்து குடுத்திருப்பேனே. ஓய்வுன்னு சொன்னீங்களே? வண்டி அருமையான வண்டி. கியர் நூத்துக்கு நூறு. மேட்டுல ஏறிப் பாத்தேன், மீனோட ஏறிப் பாத்தேன். சீட்டுதான் கொஞ்சம் கெட்டி, மணி சத்தம் பத்தாது. நாய் வந்தா கேக்காது."

திட்டுவதற்காக நடந்த வழியெல்லாம் சிஸ்டர் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் நிறைய. அந்தக் கடைசி வாக்கியத்தில் எல்லாம் அவிந்துபோனது. அவள் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். டெஸ்ட்டின் அக்கா உள்ளேயிருந்து வந்து, முட்டியை ஒரு பார்வை பார்த்தாள். நெஞ்சில் கை வைத்தாள். தம்பியை விரட்டிவிட்டு, ஐஸ் கட்டியைத் துணியில் முடிந்துகொண்டு வந்து நின்றாள்.

"காலை நீட்டுங்க. படுங்க."

"இல்லைங்க, நான் போய்—"

"படுங்கன்னா படுங்க! எழுந்திரிக்கக் கூடாது."

சிஸ்டர் படுத்தாள். அந்தச் சொல்லுக்கு இவ்வளவு அதிகாரம் உண்டு என்று இந்தப் பக்கத்திலிருந்து அவள் கேட்டதில்லை.

போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். அவர் ஒன்றும் கேட்கும் முன்பே சொல்லிவிட்டாள்.

"நான் விழுந்துட்டேங்க. நேத்து சாயங்காலம். முட்டி வீங்கிக் கெடக்கு. சைக்கிளை ரிப்பேருக்கு விட்டேன், அந்த ஆள் அதுல ஊரைச் சுத்தியிருக்கான். காலையிலேருந்து நான் நடந்து நடந்து அவனைத் தேடுறேன். பேஸ்ட்டு, நிழலு, மீனு எல்லாம் பொய்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நேத்து புள்ளி நல்ல வேகத்துல வந்துக்கிட்டிருந்துச்சு. திடீர்னு நின்னுச்சு. கடையில்ல, மரமில்ல, ஒரு வீடுகூட இல்லாத இடம். ரொம்ப நேரம் அங்கேயே இருந்துச்சு. அப்புறம் நொண்டி நொண்டி ஊருக்குள்ள போச்சு. புள்ளி நொண்டினா எனக்குத் தெரியாதா?" அவர் மூச்சு வாங்கினார். "ராத்திரி போன்ல நீயா சொல்லுவேன்னு பாத்தேன். நீ வச்சிடுறேன்னுட்ட."

"அப்ப இன்னைக்குச் சுத்தினது நானில்லைன்னு…"

"சலூன்லயே தெரிஞ்சுபோச்சு. புள்ளி அங்க உக்காந்துச்சு பாரு, அசையல. டீக்கடையில அசையல. இவ்வளவு நேரமா ஒரு இடத்துல சும்மா உக்காந்து ஓய்வு எடுக்குதுன்னா, அது நீயா இருக்க முடியாது. உன்கூட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். நீ கல்யாண போட்டோவுக்கே முழுசா உக்காரல, எல்லாப் படத்துலயும் கலங்கித்தான் தெரியிற."

டெஸ்ட்டின் அக்கா பக்கத்தில் இருப்பதைப் பாராமல் சிஸ்டர் சிரித்துவிட்டாள். உடனே கோபமும் வந்தது. "தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு என்னைப் போட்டு அந்த மிரட்டு மிரட்டினீங்க?"

"மிரட்டினா நீ போனை எடுத்த," என்றார். "நீ கிளம்பினதுலேருந்து தினமும் நாலு வார்த்தை. நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், வச்சிடுறேன். இன்னைக்குத்தான் நாள் முழுக்கப் பேசின. நீயாவே கூப்பிட்டு, நான் எங்க இருக்கேன்னு கேட்ட. மீன் கதையை முழுசாக் கேட்ட. வீட்டுல பேச ஆளில்ல, அந்தப் புள்ளியைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். அது பதில் பேசாது. ஆனா நீ அந்தக் காலோட நடந்துக்கிட்டிருந்தேன்னு எனக்குத் தெரியாது. கட்டில்ல படுத்துக்கிட்டுதான் நீ கதை விடுறேன்னு நெனச்சேன். உன்கிட்ட புள்ளி இல்லையே. தெரிஞ்சிருந்தா ஒரு வார்த்தைகூட விளையாடியிருக்க மாட்டேன்" என்றார்.

சிஸ்டருக்கு அழுகை வந்தது. வார்டில் எத்தனை பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்திருக்கிறாள். தன் வீட்டில் இருக்கிற ஒரே நோயாளியை இத்தனை நாளாகக் கவனிக்காமல் விட்டிருக்கிறாள்.

"வேன்?" என்று மெல்லக் கேட்டாள்.

"காலையிலேருந்து வாசல்லதான் நிக்குது. பை கட்டி வச்சிருக்கேன், எதுக்கும் இருக்கட்டும்னு உனக்கு முட்டிக்கு உறைகூட வாங்கி வச்சிருக்கேன். உன் தம்பி வேனுக்குள்ளயே தூங்குறான். புரண்டு படுத்தப்ப முழங்கை பட்டுத்தான் ஹாரன் அடிச்சுது."

"அப்ப ஏன் கிளம்பி வரல?"

"நீயா சொன்னா வரலாம்னு இருந்தேன். நீ சொல்லாம நான் வந்தா, புடிச்சுக்கிட்டுப் போக வந்த மாதிரி இருக்கும்ல. இப்பச் சொல்லிட்ட. ஒப்பந்தப்படி பயணம் முடிஞ்சுது. வரவா?"

ஐஸ் உருகி முட்டியின் பக்கவாட்டில் வழிந்தது. வெளியே வெள்ளை வெளேரென்று ரோடு கிடந்தது, கடல் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு.

"வேண்டாங்க," என்றாள். "எனக்கு அந்த விளக்கைப் பாக்கணும்."

மறுமுனையில் வேன் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "டேய் மச்சான், எழுந்து வீட்டுக்குப் போடா. உங்க அக்கா வர மாட்டாளாம்," என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி வந்தார். "சரி. ஆனா இன்னைக்கு நீ எடுத்தது ஓய்வுல சேராது. நாளைக்கு எடு. வீக்கம் வத்தலைன்னா நாளான்னைக்கும்."

மறுநாள் காலையில் டெஸ்ட்டு சைக்கிளை விடுதி வாசலுக்குக் கொண்டுவந்தபோது, சிஸ்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு நாள் ஓட்டிப் பாத்துட்டுக் குடுங்க," என்றாள். டெஸ்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. அவரை யாரும் அப்படிக் கேட்டுக்கொண்டதே இல்லை. மணியை அடித்துக்கொண்டு போனார்.

சிஸ்டர் தாழ்ப்பாள் போடாமல் வந்து படுத்தாள். காலுக்கு இரண்டு தலையணை, காதில் போன்.

"இப்ப நான் எங்க இருக்கேன்?"

"சலூன்ல."

"நேத்துதானே வெட்டினேன்?"

"இன்னொரு காதுப் பக்கமும் சரி பண்ண வேண்டாமா?"

படுத்தபடியே, புள்ளியாக நூலகம் போனாள். டீ குடித்தாள். தண்ணீர்த் தொட்டி அடியில் நின்று யாரோடோ ரொம்ப நேரம் பேசினாள். யாரோடு என்று அவர் ஊகித்தார், என்ன பேசினாள் என்று அவளும் சேர்ந்து ஊகித்தாள். அண்டை வீட்டுப் பூனை, மகளின் புது வேலை, ஒழுகுகிற குழாய் எல்லாம் நடுநடுவே வந்தன. விடுதிக்கார அம்மா தட்டாமலே கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சாத்திக்கொண்டு போனாள்.

உச்சி வெயிலில் புள்ளி பாலத்தைத் தாண்டி அக்கா வீட்டுக்குப் போய் நின்றது.

"தூங்கிடுச்சு," என்றார் வீட்டுக்காரர், அது எழுந்துவிடுமோ என்பது போல் குரலைத் தாழ்த்தி. அந்தக் குரலில் கொட்டாவி கலந்திருந்தது.

"நீங்க எப்பத் தூங்கினீங்க?"

"நீ விழுந்த அன்னையிலேருந்து எங்க தூங்கினேன்?"

"படுங்க," என்றாள் சிஸ்டர். வார்டே எழுந்து மறுபடி படுத்திருக்கும், அப்படி ஒரு குரல். பிறகு மெதுவாக, "போனை மட்டும் வச்சிடாதீங்க" என்றாள்.